கொடுத்த அண்டாவைப் பார்க்கப் போனேன்

பொருள் சேர்ப்பவர்களைக் கஞ்சர்கள் என்று நினைப்பது உலகம் செய்யும் பெரிய தவறுகளில் ஒன்று. கஞ்சன் கொடுக்க மாட்டான். சேர்ப்பவனுக்குக் கொடுப்பதில் ஒரு சிரமமும் இல்லை. தூக்கிப் போடத்தான் முடியாது. கைப்பிடி உடைந்த வாணலியைக் குப்பைத்தொட்டி வரை கொண்டுபோய், அங்கே நின்று யோசித்து, திரும்ப வீட்டுக்கே கொண்டுவந்துவிட்ட மனிதனிடம், "எங்க வீட்டுல வாணலி இல்லைங்க" என்று யாராவது ஒரு வார்த்தை சொல்லட்டும். அதைக் கழுவித் துடைத்து, கூட ஒரு கரண்டியையும் போட்டுக் கொடுத்துவிட்டு, நிம்மதியாகச் சாப்பிடப் போவான். ஊர் அதைத் தர்மம் என்று சொல்லும். அவனும் மறுக்க மாட்டான்.

உண்மையில் அதில் தர்மம் ஒன்றும் இல்லை. தூக்கிப் போட்டால் பொருள் செத்துவிடுகிறது. கொடுத்தால் வேறொரு வீட்டில் உயிரோடு இருக்கிறது. சேர்ப்பவனுக்கு அந்த வித்தியாசம் போதும். இதை நான் யாரையும் ஆராய்ந்து சொல்லவில்லை. அந்த வாணலிக்காரன் நான்தான். (கரண்டி விஷயத்தில் கொஞ்சம் மிகைப்படுத்திவிட்டேன். கரண்டியைக் கொடுத்திருக்க மாட்டேன்.)

ராமநாதபுரத்தில் ஒரு பள்ளியில் பொருளாதாரம் நடத்துகிறேன். வகுப்பில் பற்றாக்குறையைப் பற்றிப் பேசுவேன். வீட்டில் அதற்கு எதிராகப் போர் நடத்துவேன். போர்க்களம், எங்கள் வீட்டின் வடபக்கத்து அறை. என் மகள் சுபா படித்து, வேலைக்குப் போய், பரமக்குடிப் பக்கம் கல்யாணமாகிப் போகும்வரை அது அவளுடைய அறை. அவள் போன மறுவாரம் காலியாக இருந்த கட்டிலைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை. அதன்மேல் ஒரு அட்டைப்பெட்டியை வைத்தேன். பிறகு அந்தப் பெட்டிக்குத் துணையாக இன்னொன்று. கொஞ்ச காலத்தில் கட்டில் எங்கே இருக்கிறது என்பது எனக்கு மட்டுமே தெரிந்த ரகசியமாகிவிட்டது.

எங்கள் ஊர்க்காரன் பாத்திரம் சேர்ப்பதில் நியாயம் உண்டு. தண்ணீர் என்பது எப்போது வரும், எதில் பிடிப்பது என்ற கவலையிலேயே வளர்ந்தவர்கள் நாங்கள். தண்ணீர் பிடிக்க உதவும் எதையும் இங்கே யாரும் எறிய மாட்டார்கள். அதனால் என்னிடம் குடம், வாளி, பெயின்ட் டப்பா, எல்லாம் இருந்தன. பாம்பனிலிருந்து வரும் சக ஆசிரியர் ஒருமுறை கருவாடு போட்டுக் கொடுத்த மூடி வைத்த வாளிகூட இருந்தது. (மூடியைத் திறந்தால் பாம்பனே எழுந்து வீட்டுக்குள் வந்துவிடும். அதனால் திறப்பதில்லை. ஆனால் வாளி நல்ல வாளி.)

இவற்றைவிடக் கஷ்டமானவை எவர்சில்வர் பாத்திரங்கள். காதுகுத்து, சடங்கு, வீடு குடிபோவது என்று எது நடந்தாலும் எங்கள் பக்கத்தில் செய்முறையாகப் பாத்திரம் வரும். கொடுப்பவர் அதில் தன் பெயரை வெட்டிக் கொடுப்பார். பெயர் வெட்டிய குடத்தைக் கடையில் மாற்ற முடியாது, இன்னொருவர் வீட்டு விசேஷத்துக்குத் தள்ளிவிடவும் முடியாது. பரணில் ஏற்றிவிட்டு, கொடுத்தவர் வீட்டுக்கு வரும்போது மட்டும் இறக்கி அவர் கண்ணில் படும்படி வைக்க வேண்டும். எனக்கு அந்தப் பாத்திரங்கள் ஆட்களாகவே தெரிந்தன. பெரியப்பா ஒரு தூக்குவாளி. என் பழைய தலைமையாசிரியர் ஒரு பால்சட்டி. அவரைப் போய் எடைக்குப் போடுவதா?

இப்படியே போயிருக்கும். சுபா கர்ப்பமானாள்.

செய்தி வந்த நாளிலிருந்து எனக்குத் தூக்கம் குறைந்தது. சேர்ப்பவர்கள் எல்லோருமே அடிப்படையில் பயந்தாங்கொள்ளிகள். 'ஒருவேளை' என்ற சொல் இல்லாவிட்டால் எங்கள் வீடுகளில் பாதிப் பொருள் இருக்காது. ஒருவேளை தண்ணீர் வராவிட்டால், ஒருவேளை குடை உடைந்தால். இப்போது எல்லா ஒருவேளைகளும் ஒன்றாகத் திரண்டு மகள்மேல் போய் உட்கார்ந்தன. காலையில் ஒருமுறை, பள்ளி இடைவேளையில் ஒருமுறை, சாயங்காலம் ஒருமுறை என்று போன் செய்து, "மூச்சு நல்லா வருதாம்மா?" என்று கேட்பேன். "அது பொறந்ததுலருந்து வந்துக்கிட்டுத்தான் இருக்குப்பா" என்பாள்.

தலைப்பிரசவம் தாய் வீட்டில். அதில் பேச்சுக்கே இடமில்லை என்று நினைத்திருந்தேன். வளைகாப்புக்கு இன்னும் இரண்டு மாதம் இருந்தபோது ஒருநாள் சுபா வீடியோவில் அழைத்தாள்.

"அப்பா, என் ரூமைக் காட்டுங்க."

"நல்லாருக்கும்மா."

"நல்லாருக்குறதைக் காட்டுங்க."

அறைக்கதவை வெளியிலிருந்து காட்டினேன்.

"கதவு நான் பாத்ததுதான்ப்பா. உள்ள காட்டுங்க."

கதவு முழுதாகத் திறக்காது. (பின்னால் பழைய மெத்தை.) திறந்த இடுக்கு வழியாகப் போனை நுழைத்துக் காட்டினேன். 

"பாப்பாவை எங்க படுக்கப் போடுவீங்க? குடத்துக்குள்ளயா?"

என் மனைவி கோமதி அந்தப் பக்கமாகத் தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். "கேளு, நல்லாக் கேளு. நான் கேட்டாத்தான் காது அடைச்சுக்கிது" என்றாள்.

"வெளையாடலப்பா. அத்தை இங்கயே வச்சுப் பாத்துக்கிறேங்கிறாங்க. ஆஸ்பத்திரியும் பக்கம். ரூம் காலியாச்சுன்னா வாரேன். இல்லேன்னா இங்கயே இருந்துக்கிறேன்."

போன் அணைந்தது. தலைப்பிரசவத்துக்கு மகள் தாய் வீட்டுக்கு வரவில்லை என்றால் ஊர் ஆயிரம் காரணம் சொல்லும். அந்த ஆயிரத்திலும், 'வீட்டில் பாத்திரம் இடத்தை அடைத்துக்கொண்டிருந்தது' என்ற உண்மையான காரணம் இருக்காது. அது இன்னும் கேவலம்.

முதலில் பழைய இரும்புக்காரரை அழைத்தேன். அவர் வந்தார், ஒரு எவர்சில்வர் கூஜாவை எடுத்தார், கீழே போட்டுக் காலால் மிதித்து நசுக்கினார். சாக்கில் இடம் அடைக்காமல் இருக்க அப்படித்தான் செய்வார்களாம்.  அது கோமதியின் தாய்மாமன் கொடுத்த கூஜா. நசுங்கியதில் மாமாவின் இனிஷியல் மட்டும் மிஞ்சியிருந்தது.

"மத்ததை என்ன செய்வீங்க?" என்றேன்.

"இதைத்தான் சார் செய்வேன்."

"அப்புறம் எங்க போகும்?"

அவர் சாக்கைச் சுருட்டினார். "சார், எடைக்குப் போடுற பொருளுக்கு ஜாதகம் பாக்காதீக. மனசு தேறுனதும் கூப்புடுங்க, வாரேன்."

மனசு தேறவில்லை. கோமதிதான் வழி சொன்னாள். கடலாடி போகும் சாலையில் ஒரு முதியோர் இல்லம். ஆள் அதிகம், பாத்திரம் குறைவு என்று கேள்விப்பட்டிருக்கிறாள். அதைக் கேட்ட நிமிடத்தில் என் நெஞ்சில் இருந்த கல் இறங்கியது. நான் எதையும் இழக்கப் போவதில்லை. என் பொருள்கள் இடம் மாறப் போகின்றன. அவ்வளவுதான்.

நேரில் போய் விசாரித்தேன். சமையல் பொறுப்பு செல்வி என்ற பெண்மணி. நடுவயது, உரத்த குரல். பெயருக்குப் பொறுப்பாளர் ஒருவர் முன்னறையில் இருந்தாலும், இல்லத்தை நடத்துவது அந்தக் குரல்தான் என்று உள்ளே நுழைந்ததுமே தெரிந்துவிட்டது.

"பாத்திரத்தை எதை வச்சுத் தேய்ப்பீங்க?" என்றேன்.

"கையை வச்சுத்தான் சார்."

"இல்ல, கம்பி நார் போடுவீங்களா?"

செல்வி என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "சார், நீங்க குடுக்க வந்தீகளா, வாங்க வந்தீகளா?"

குட்டியானை ஒன்றைப் பிடித்து ஏற்றினோம். (யானை இல்லை, அந்தப் பெயரில் எங்கள் ஊரில் ஓடும் சிறிய சரக்கு வண்டி. அறை இருந்த நிலையில் யானையே வந்தாலும் போதாது என்பது கோமதியின் கருத்து.) எனக்கே ஆச்சரியம், கை தானாக எடுத்துக் கொடுத்தது. பெரியப்பா போனார், தலைமையாசிரியர் போனார். இது சோறு வடிக்க, இது தாத்தாக்களுக்குக் கஞ்சி ஊற்ற என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு வேலையை மனதுக்குள் போட்டுக்கொடுத்து அனுப்பினேன். கருவாட்டு வாளியைக்கூட ஏற்றினேன். செல்வி அதை மூடியோடு திருப்பி அனுப்பிவிட்டாள்.

சின்னச் சாமான்களையெல்லாம் மூலையில் இருந்த ஒரு பெரிய அண்டாவுக்குள் போட்டு, அண்டாவோடு தூக்கி வைத்தேன். எந்தப் பாத்திரத்தில் யார் பெயர் என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்கிற ஆள் நான். ஆனால் அந்த அண்டாவை நான் பாத்திரமாகவே நினைக்கவில்லை. மற்றவற்றை வைக்கிற பெட்டியாகத்தான் பல காலம் புழங்கிவந்தேன். அதன் பெயர் வெட்டிய பக்கம் சுவரைப் பார்த்துத் திரும்பியிருந்தது.

அறை காலியானது. கட்டுச்சோற்றோடு அழைக்கப் போகும்போது சொல்லி அசத்தலாம் என்று சுபாவிடம் மட்டும் மூச்சு விடாமல் வைத்திருந்தேன். ஒரு வாரம் நிம்மதி. பிறகு ஒருநாள் பள்ளியில் பாடம் நடத்திக்கொண்டிருந்தபோது, 'பால்சட்டியில் புளி கரைத்திருப்பார்களோ' என்று ஓர் எண்ணம் வந்தது. அன்று சாயங்காலமே ஒரு சீப்பு வாழைப்பழம் வாங்கிக்கொண்டு இல்லத்துக்குப் போனேன். பெரியவர்கள் சந்தோஷமாகப் பேசினார்கள். நான் பேச்சுக்கு நடுவே சமையற்கட்டை எட்டிப் பார்த்தேன். பெரியப்பா தூக்குவாளியில் வெங்காயம் இருந்தது. தலைமையாசிரியரைக் காணோம். கேட்டதற்கு, பூனைக்குப் பால் வைத்திருப்பதாகச் சொன்னார்கள். யோசித்தேன். அவர் பூனை வளர்த்தவர்தான். சரி.

அடுத்த வாரமும் போனேன். அதற்கடுத்த வாரம் சுண்டல் வாங்கிக்கொண்டு போனேன். இவ்வளவு அக்கறையான மனிதரா என்று பெரியவர்கள் வியந்தார்கள். செல்வி வியக்கவில்லை.

"சார், ஒண்ணு கேக்குறேன், கோச்சுக்கிறாதீக. நீங்க பாத்திரத்தக் குடுத்தீகளா, பொண்ணக் குடுத்தீகளா?"

"ஏம்மா?"

"கட்டிக் குடுத்த பொண்ணப் பாக்க வார அப்பன் மாதிரி பழமும் கையுமா வாரீகளே! அதுக கிட்ட நல்லாருக்கீகளானு கேட்டுட்டுப் போங்க. நான் வேணும்னா வெளிய நிக்கிறேன்."

நான் சிரித்து வைத்தேன். அந்தச் சிரிப்பிலேயே நிறுத்தியிருக்கலாம். ஆனால் நான் என்ன செய்தேன் என்றால், சம்பந்தி ராஜாங்கத்திடம் போனில் பேசும்போதெல்லாம் என்னுடைய தர்ம காரியத்தை விவரமாக எடுத்துச் சொன்னேன். ராஜாங்கம் முண்டு மிளகாய் போடுகிற விவசாயி. நிலபுலன் உள்ளவர், அளந்து பேசுகிறவர். அவர் "சரி சரி" என்று கேட்டுக்கொண்டார். கேட்டுக்கொண்டதோடு விடவில்லை என்பது வளைகாப்பு வாரத்தில் தெரிந்தது.

"சம்பந்தி, பேரப்பிள்ளை நல்லபடியா பொறக்கணும்னு ஒரு நேரம் சாப்பாடு போடலாம்னு வீட்டுல ஆசைப்படுறாக. நீங்க சொன்ன அந்த இல்லத்துலயே ஏற்பாடு பண்ணிட்டோம். நாளைக்கு மத்தியானம். நாங்களும் வந்து பரிமாறுறோம்."

"ரொம்ப சந்தோஷம் சம்பந்தி" என்றேன். உண்மையாகவே சந்தோஷம்தான். அது ஒரு காபி குடிக்கிற நேரம் இருந்தது.

எங்கள் பக்கத்தில் வளைகாப்புக்குப் பெண் வீட்டார் கட்டுச்சோறு கட்டிக்கொண்டு போய்ப் பெண்ணை அழைத்து வருவார்கள். கோமதி அடுக்களையில் அதற்கான பாத்திரங்களை யோசித்துக்கொண்டிருந்தாள்.

"ஏங்க, புளிச்சோத்துக்கு நம்ம மாடி குடிபோனப்ப மதினி வீட்டுல செஞ்ச அண்டாவையே எடுத்துருவோம். அவுக குடுத்ததுலயே கொண்டு போனா மனசு குளுந்து போகும். எங்க வச்சீக அதை?"

காபி டம்ளரைக் கீழே வைத்தேன். மாடி கட்டிக் குடிபோனபோது சம்பந்தி வீட்டார் மேளதாளத்தோடு கொண்டுவந்து இறக்கிய அண்டா. 'அன்பளிப்பு: ராஜாங்கம் குடும்பத்தார்' என்று கழுத்தில் ஒரு பக்கமாகக் கொட்டை எழுத்தில் வெட்டிய அண்டா. நான் பெட்டி என்று நினைத்த அண்டா. அது போன இடத்தைச் சொன்னேன்.

"சம்பந்தி குடுத்ததையா தானம் பண்ணுனீக?" என்றாள் கோமதி. கத்தவில்லை. அவள் கத்தாமல் பேசினால் விஷயம் முற்றிவிட்டது என்று பொருள். "நாளைக்கு அவுக அங்கன வந்து நின்னு, அவுக பேரை அவுகளே படிக்கணும். அப்புறம் பொண்ணை அனுப்புவாகளா? குடுத்த அண்டாவையே வச்சிருக்கத் தெரியாதவன், பொண்ணையும் பிள்ளையையும் எப்படி வச்சிருப்பான்னு கேக்க மாட்டாகளா?"

கேட்பார்கள். நானாக இருந்தாலும் கேட்பேன்.

மறுநாள் பள்ளிக்கு விடுப்புச் சொல்லிவிட்டு, கடைத்தெருவில் அதைவிடப் பெரிய புது அண்டா ஒன்றை வாங்கி ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு இல்லத்துக்குப் போனேன். புதியதைக் கொடுத்துவிட்டுப் பழையதை எடுத்து வந்துவிடுவது திட்டம். செல்வியிடம் உண்மையைச் சொல்லியிருந்தால் ஒரு நிமிட வேலை. ஆனால் இத்தனை நாள் வள்ளலாக உலாவிய இடத்தில், 'தெரியாமல் கொடுத்துவிட்டேன், திருப்பித் தா' என்று கேட்க நாக்கு எழவில்லை.

சமையற்கட்டுக்குப் பின்னால் கொட்டகையில் விறகடுப்பு. கருவேல விறகில் சமைத்துச் சமைத்து, அங்கே கவிழ்த்து வைத்திருந்த அண்டாக்கள் எல்லாம் ஒரே கறுப்பாக இருந்தன. எது என்னுடையது, எது அவர்களுடையது என்று பெற்றவனுக்கே அடையாளம் தெரியவில்லை. செல்வி முன்பக்கம் வாழை இலை நறுக்கிக்கொண்டிருந்தாள். சாம்பலையும் தேங்காய் நாரையும் எடுத்து, ஒவ்வொரு அண்டாவாகக் கழுத்துப் பக்கம் தேய்க்க ஆரம்பித்தேன். வியர்த்து ஊற்றியது. கடைசியாகத் தேய்த்த அண்டாவில் 'ராஜா' என்று தெரிந்தது. உற்சாகத்தில் முழுப் பெயரும் பளபளக்கும்வரை தேய்த்துவிட்டேன்.

வாசலுக்குப் போய் ஆட்டோவிலிருந்து புது அண்டாவை இறக்கி, உருட்டிக்கொண்டு திரும்பி வந்தால், நான் தேய்த்த அண்டா அடுப்பில் ஏறியிருந்தது. உள்ளே பருப்பும் தண்ணீரும்.

"சார், வாங்க! நீங்களே தேய்ச்சுக் குடுத்துட்டீகளே!" என்றாள் செல்வி. இத்தனை நாளில் முதல்முறையாக என்மேல் அவளுக்கு மரியாதை வந்திருந்தது. "கம்பி நாரு போடாதீகனு சும்மாதான் சொல்றீகனு நெனச்சேன். எப்படித் தேய்க்கணும்னு செஞ்சே காட்டிட்டீக. பளிச்சுனு இருக்கேனு இன்னைக்கு இதுலயே சாம்பார் ஏத்திட்டேன். இது என்ன, புதுசா? ரசத்துக்கு ஆச்சு, வைங்க."

அந்தக் கறுப்பு அண்டாவில் ஒரு எழுத்தும் தெரியாது. சம்பந்தி வந்து நாள் முழுக்க உற்றுப் பார்த்திருந்தாலும் தெரிந்திருக்காது. கரி என்னைக் காப்பாற்றிக்கொண்டிருந்தது. அதைத்தான் நான் நாரும் சாம்பலுமாக வேலை மெனக்கெட்டு வந்து நீக்கியிருக்கிறேன்.

சாம்பார் கொதிக்க ஆரம்பித்தது. செல்வி அரைத்ததை எடுக்க உள்ளே போன சமயம், அடுப்பு ஓரத்தில் கிடந்த கரித்துண்டைத் தண்ணீரில் குழைத்து எழுத்துகள்மேல் பூசினேன். ஆவி பட்டு வழிந்தது. மறுபடி பூசினேன். செல்வி வந்து நின்றதைக் கவனிக்கவில்லை.

"தேய்ச்ச பாத்திரத்துல எதுக்கு சார் கரியப் பூசுறீக?"

"கண்ணு பட்டுரும்" என்றேன்.

"அண்டாவுக்கா?"

"விசேஷ சாப்பாடுல்ல."

 ஒரு பொருளாதார ஆசிரியருக்கு இதற்கு மேல் என்ன ஆக முடியும் என்பது போல ஒரு பார்வை பார்த்துவிட்டு, இலை போட முன்பக்கம் போய்விட்டாள். வாசலில் கார் வந்து நிற்கும் சத்தம் கேட்டது. தோளில் இருந்த வெள்ளைத் துண்டை எடுத்து அண்டாவின் கழுத்தைச் சுற்றிக் கட்டினேன். பொங்கல் பானைக்கு மஞ்சள் கொத்துக் கட்டுவதில்லையா, அப்படி ஒரு மங்கலமாக இருந்துவிட்டுப் போகட்டும் என்று நினைத்தேன். எழுத்து மறைந்தது. முதல்முறையாக மூச்சு விட்டேன்.

துண்டின் நுனி கீழே தொங்கிக்கொண்டிருந்ததை நான் பார்க்கவில்லை. அடுப்பு பார்த்தது.

பருத்தித் துண்டில் எவ்வளவு சீக்கிரம் தீப்பிடிக்கும் என்பதை அன்று தெரிந்துகொண்டேன். சம்பந்தி பெயரைச் சுற்றி வட்டமாகத் தீ ஓடியது. பக்கத்தில் வாளி நிறையத் தண்ணீர் இருந்தது. தூக்கி வீசினேன். பாதி அடுப்பில் விழுந்து கொட்டகை முழுக்கப் புகை. மீதி நேராகச் சாம்பாரில்.

புகை கொஞ்சம் அடங்கியபோது, சமையற்கட்டு வாசல்படியில் ராஜாங்கம் நின்றார். அவருக்குப் பின்னால் சம்பந்தியம்மா, கையில் வெற்றிலைத் தட்டோடு. அவர்களுக்குப் பின்னால் கையில் இலையோடு செல்வி. எனக்கு முன்னால் கழுத்தில் எரிந்த துண்டோடு அண்டா. நான் ஊற்றிய தண்ணீர் பூசிய கரியையும் கழுவிவிட்டிருந்தது. 'அன்பளிப்பு: ராஜாங்கம் குடும்பத்தார்.' அவ்வளவு துல்லியமாக அது கடையிலிருந்து வந்த நாளில்கூட இருந்திருக்காது.

சம்பந்தியம்மா வாய்விட்டுப் படித்தார். முழுதாகப் படித்தார்.

"அண்ணே, இது நாங்க செஞ்சதுல்ல?"

"ஆமாம்மா" என்றேன். வேறு என்ன சொல்ல?

"எங்க வீட்டுச் செய்முறை இங்கன எப்படி வந்துச்சு?"

செல்வி முந்திக்கொண்டாள். "சார்தான் குடுத்தாரு. கம்பி நாரு போடாதீகனு சொல்லி, இன்னைக்கு அவரே தேய்ச்சும் குடுத்தாரு. வாரா வாரம் பழம் வாங்கிட்டு வந்து பாத்துட்டும் போவாரு."

உதவியாகத்தான் சொன்னாள் என்று இன்றுவரை நம்ப முயல்கிறேன்.

 ராஜாங்கம் அடுப்பருகே வந்து குனிந்து, அண்டாவின் அடிப்பக்கத்தை விரலால் தொட்டு, விரலைப் பார்த்தார். விரலில் கரி. அப்போது முன்பக்கம் பந்தியில் உட்கார்ந்திருந்த ஒரு பெரியவர் குரல் கொடுத்தார்: "ஏ செல்வி, சோறு வருமா, பொகை மட்டுந்தானா?"

பரிமாறினோம். சாம்பாரை ராஜாங்கமே வாளியில் எடுத்துக்கொண்டு போனார். "இன்னைக்கு ரசத்தை முந்தி ஊத்துறாக போல" என்றார் அந்தப் பெரியவர். பிறகு ரசம் வந்தபோது, "அப்ப முன்ன வந்தது என்ன?" என்று கேட்டார்.  சம்பந்தியம்மா அப்பளம் வைத்துக்கொண்டே வந்தார். என் பக்கம் திரும்பவில்லை.

எல்லோரும் சாப்பிட்டு எழுந்தபின் ராஜாங்கம் கை கழுவிக்கொண்டே கேட்டார்.

"பொண்ணு ரூமைக் காலி பண்ணத்தான் குடுத்தீகளா?"

"ஆமா சம்பந்தி. அண்டா தெரியாம வந்துருச்சு."

அவர் துண்டால் கையைத் துடைத்தார். (அவரிடம் துண்டு இருந்தது.) "எங்க பேரு வெட்டி எத்தனையோ ஊருக்கு அண்டா குடுத்துருக்கோம். எல்லாம் பரண்லதான் தூங்குது. போற வீட்டுலயெல்லாம் அண்ணாந்து பாத்துட்டு வருவேன். கரி புடிச்சு நான் பாத்தது இது ஒண்ணுதான்." துண்டைத் தோளில் போட்டுக்கொண்டார். "அந்தக் கரியையும் நீங்க தேய்ச்சுப்புட்டீக."

அழுவதா, சிரிப்பதா என்று எனக்குத் தெரியவில்லை. சம்பந்தியம்மாவுக்கு அந்தக் குழப்பம் இல்லை. "அதெல்லாம் இருக்கட்டும். அந்த ரூமை நான் என் கண்ணால பாக்கணும். பாத்துட்டுத்தான் வளைகாப்பும் கட்டுச்சோறும். வண்டியை எடுங்க" என்றார்.

அவர்கள் காரிலேயே ராமநாதபுரம் கிளம்பினோம். என் சட்டையில் துண்டு எரிந்த வாசனை. கோமதிக்குப் போன் செய்து எச்சரிக்கலாம் என்றால், சம்பந்தியம்மா கண்ணாடி வழியாக என் கையையே பார்த்துக்கொண்டு வந்தார்.

வடபக்கத்து அறைக்கதவு முழுதாகத் திறந்தது. உள்ளே கட்டில். பக்கத்தில், சுபா படுத்திருந்த பழைய மரத் தொட்டில். கோமதி அதைக் கழுவி வெயிலில் காயவைத்து, பழைய சேலையை மடித்து விரித்திருந்தாள். வேறு ஒன்றுமே இல்லை. ஜன்னல் ஒன்று இருப்பதே எனக்கு அப்போதுதான் நினைவுக்கு வந்தது. (அந்த அறை காலியா என்பதுதான் கேள்வி. எனக்குக் கொடுக்க மனசு வராத மிச்சத்தால் மாடிப்படியில் ஒருவர் பக்கவாட்டாகத்தான் ஏற முடியும் என்பதை யாரும் கேட்கவில்லை. கருவாட்டு வாளியும் அங்கேதான் இருந்தது.)

சம்பந்தியம்மா அறை நடுவில் நின்று சுபாவை வீடியோவில் அழைத்தார். போனை மெதுவாக நான்கு சுவர்களுக்கும் காட்டினார். பிறகு தொட்டிலைக் காட்டினார்.

"அத்தை, இது யாரு வீடு?" என்றாள் சுபா.

"ஒங்கப்பா வீடுதான்டி."

 மறுபக்கம் மூக்கை உறிஞ்சும் ஒலி கேட்டது. "அப்ப நான் வாரேன் அத்தை. கட்டுச்சோறு கொண்டு வரச் சொல்லுங்க."

கட்டுச்சோறு வாடகை அண்டாவில் போனது. சுபா வந்தாள். அந்த அறையில்தான் என் பேத்தியைக் கொண்டுவந்து கிடத்தினார்கள். அந்த மாதங்களில் நான் அந்த அறைக்குள் ஒரு தீப்பெட்டியைக்கூட வைக்கவில்லை. அண்டா இன்னும் கடலாடி சாலையில்தான் சாம்பார் வைத்துக்கொண்டிருக்கிறது. மறுபடி நன்றாகக் கறுத்துவிட்டதாம். கேள்விதான், நான் போய்ப் பார்க்கவில்லை. பழம் மட்டும் ஆள்மூலம் கொடுத்து அனுப்புகிறேன்.

சில மாதங்கள் கழித்து சுபா பிள்ளையோடு பரமக்குடிக்குத் திரும்பிப் போனாள். அறை மறுபடியும் காலி. கட்டில்மேல் ஒரு அட்டைப்பெட்டியை வைக்கக் கை நீண்டது. வைக்கவில்லை. பெட்டியை வாசலிலேயே விட்டுவிட்டு, ஒரு சீப்பு வாழைப்பழம் வாங்கிக்கொண்டு பஸ் ஏறினேன்.

பரமக்குடி வீட்டு வாசலில் ராஜாங்கம் பேத்தியைத் தூக்கிக்கொண்டு நின்றார். என் கையில் இருந்த பழத்தைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்துவிட்டது. பிள்ளையை வெளிச்சத்தில் முன்னும் பின்னுமாகத் திருப்பிக் காட்டினார்.

"வாங்க சம்பந்தி, நல்லாப் பாத்துக்கங்க. கம்பி நாரு போட்டுத் தேய்க்கல."

ஒவ்வொரு முறையும் இதைத்தான் சொல்கிறார். பேத்தி இப்போது நடக்கிறாள். என்னைப் பார்த்ததும் அவளே ஓடி வந்து ஒரு சுற்றுச் சுற்றி நின்று காட்டுகிறாள்.